புதுக் கம்பெனிகளும் விளம்பர மோகமும்

நம் வாலிபர்கள் உத்தியோகத்தை நாடி அலைவதை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க முற்பட்டிருப்பது மிகவும் சந்தோஷிக்கத்தக்க விஷயம். ஒரு தலைமுறைக்கு முன், பட்டம் பெற்ற பிள்ளை கம்பெனி தொடங்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் வீட்டில் ஒப்பாரி வைக்காத குறைதான். இன்று அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெண் கொடுக்கவும் சிலர் துணிந்து முன்வருகிறார்கள். 2016-ஆம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி மத்திய சர்க்கார் 'ஸ்டார்ட் அப் இந்தியா' என்னும் திட்டத்தைத் தொடங்கிய பிறகு இம்முயற்சிகளுக்கு ஒரு கௌரவமும் உண்டாகியிருக்கிறது. இவ்வளவும் நல்லதே. ஆனால் செய்த சரக்கை ஜனங்களிடம் கொண்டு சேர்ப்பிக்கும் விஷயத்தில் இவர்களிடையே ஒரு மோகம் பரவி வருகிறது. அது வளருமாயின், நாம் போற்றும் இந்த முயற்சிகளில் பெரும்பாலானவை முளையிலேயே கருகிப்போகும் என்று அஞ்சுகிறோம். ஆகவே அதைக் குறித்துச் சிறிது விரிவாகவே எழுதத் துணிகிறோம்.

சென்னைக்குத் தெற்கே, கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் இடையிலுள்ள பாலவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். 2011-ல் மாநகராட்சியுடன் சேர்க்கப்படும் வரையில் அது ஓர் ஊராட்சியாக இருந்தது. கிழக்கே மீனவர் குப்பமும் கடலும். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். கால்வாய்க்கு அப்பால் பெருங்குடி, கந்தன்சாவடி என்று கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள். நடுவே ஓடுகிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. அச்சாலையோரத்திலும் அதன் குறுக்குத் தெருக்களிலும் ஒரு பலகை ஏறுவதும் ஒரு பலகை இறங்குவதும் நித்திய காட்சி. மாவுப் பண்டம் செய்வோர், காப்பிக் கடை வைப்போர், சிறுதானியம் விற்போர், மாடி அறையில் நான்கு பேராகக் கூடிக் கம்ப்யூட்டர் நிரல் எழுதுவோர் என்று பலவகை முயற்சிகள் அங்கே உண்டு. இவர்களில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "உங்கள் சரக்கை ஜனங்களுக்கு எப்படித் தெரிவிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். கைபேசியை எடுத்து, இன்ஸ்டாகிராமில் இவ்வளவு, கூகிளில் இவ்வளவு, பிரபலஸ்தர் ஒருவருக்கு இவ்வளவு என்று செலவுக் கணக்கைக் காட்டுவார்கள். "வாங்கியவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள்? வராதவர் ஏன் வரவில்லை?" என்று அடுத்தபடியாகக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் இராது.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒருவர் சிறுதானிய மாவு தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொட்டலம் ஒன்றுக்கு விலை 200 ரூபாய். எல்லாச் செலவும் போக நிற்பது 50 ரூபாய். கைபேசி விளம்பரத்தின் மூலம் ஒரு புது வாடிக்கைக்காரரைப் பிடிக்க அவருக்கு 150 ரூபாய் ஆகிறது. அந்த வாடிக்கைக்காரர் மூன்று முறை வாங்கினால்தான் கைப்பணமாவது தேறும். நான்காம் முறையில்தான் லாபம் என்ற பேச்சு. அவர் இரண்டாம் முறை வராமற் போனால், விற்ற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 100 ரூபாயைக் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தவராகிறார் நம் நண்பர். விற்பனை பெருகப் பெருக நஷ்டமும் பெருகும். ஆனால் அவருடைய ஏட்டில் விற்பனை என்ற வரி மட்டும் மேலே ஏறிக்கொண்டே போவதால், தொழில் செழிக்கிறது என்ற மயக்கம் அவருக்கும், அவருக்குப் பணம் கொடுத்த தகப்பனாருக்கும் உண்டாகிறது. அந்தப் பணம் பெரும்பாலும் எங்கிருந்து வந்தது? தகப்பனாரின் சேமநிதியிலிருந்து, இல்லையேல் தாயாரின் நகையிலிருந்து.

இந்தக் கைபேசி விளம்பரத்தின் சூட்சுமத்தையும் நம் நேயர்கள் அறிந்திருப்பது நலம். அது ஓர் ஏலம். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும் கணநேரத்தில், உங்கள் கண்முன் நிற்க விரும்பும் வியாபாரிகளுக்குள் ஏலம் நடக்கிறது. மாவு விற்போர் பத்துப் பேர் ஒரே வீட்டு அம்மாளின் பார்வைக்காகப் போட்டியிட்டால் ஏலத் தொகை உயரும். பத்துப் பேரில் யார் ஜெயித்தாலும் ஏலக்காரருக்கு லாபம். பணம் கட்டுவதை நிறுத்திய அன்றே வருகிற ஜனமும் நின்றுவிடும். ஏலக்காரர் இருவரும் கலிபோர்னியாவில் இருக்கிறார்கள். பாலவாக்கத்தில் இடித்த மாவைத் திருவான்மியூரில் உள்ள ஒரு வீட்டுக்கு விற்பதற்குக் கடல் கடந்த கம்பெனிக்குச் சுங்கம் கட்டும் நிலைமைக்கு நாம் வந்துவிட்டோம். சுதேசித் தொழில் என்று பெருமை பேசிக்கொள்ளும் நாம் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

பத்திரிகைக்காரரே விளம்பரத்தைக் குறைகூறலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இந்தத் தாளும் விளம்பர வருமானத்தில்தான் நடக்கிறது. நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் காரியம் இது என்பதை அறிந்தே எழுதுகிறோம். விளம்பரமே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. தன் சரக்கை யார் வாங்குகிறார், எதற்காக வாங்குகிறார், ஏன் திரும்ப வருகிறார் என்பதை ஒருவர் தெரிந்துகொண்ட பிற்பாடு விளம்பரம் செய்வாராயின் அது விதைப்பு. அதற்கு முன் செய்வது உழாத கரம்பில் விதை நெல்லைக் கொட்டுவதற்குச் சமானம். முதல் நூறு வாடிக்கைக்காரரை முதலாளி தாமே நேரில் சென்று காண வேண்டும். அந்த வேலையைக் கூலிக்கு விட முடியாது. நாம் சொல்ல வந்தது இவ்வளவே.

இதைச் செய்ய நம்மவர் ஏன் தயங்குகிறார்கள்? சோம்பல் அன்று, பதினாறு மணி நேரம் உழைக்கும் வாலிபர்களைப் பாலவாக்கத்திலேயே காணலாம். காரணம் வேறு. ஆங்கிலக் கல்வி பெற்ற நம் வகுப்பினருக்கு விற்பது என்றால் ஒரு கூச்சம். சரக்கைச் செய்வது அறிவாளியின் வேலை, அதைத் தூக்கிக்கொண்டு படியேறுவது தரகனின் வேலை என்ற எண்ணம் நம் ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. விருதுநகரிலும் காரைக்குடியிலும் கடைப்பலகையில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இக்கூச்சம் கிடையாது. வாடிக்கைக்காரரின் முகத்தைப் பார்த்தே அவர் வாங்குவாரா, கடன் சொல்வாரா என்று கண்டுகொள்ளும் பாடத்தை அவர்கள் எழுத்துப் படிக்கும்போதே படித்துவிடுகிறார்கள். பட்டதாரிக்கோ ஒருவர் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்வதைக் கேட்க மனம் இடந்தருவதில்லை. கைபேசி விளம்பரத்தில் அந்த "வேண்டாம்" என்ற சொல் காதில் விழுவதில்லை. வெறும் எண்ணாக மாறிப் போய்விடுகிறது. அந்த மோகத்தின் ரகஸ்யம் பாதி இதில்தான் இருக்கிறது. மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளப் பணம் கொடுக்கிறோமே அல்லாமல் வியாபாரத்துக்காகக் கொடுக்கவில்லை.

பாலவாக்கம் குப்பத்தில் மீன் விற்கும் பெண்மணிகளுக்கு இந்த வித்தையை யாரும் போதிக்கவில்லை. எந்த வீட்டில் வஞ்சிரம் எடுப்பார்கள், எந்த வீட்டில் நெத்திலிக்கே பேரம் பேசுவார்கள், யார் வீட்டில் கிருத்திகை, யார் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அதற்கேற்பவே கூடையில் மீன் ஏறுகிறது. மாடி அறை வாலிபர்கள் இதைத்தான் 'மார்க்கெட் ரிசர்ச்' என்று பெயரிட்டு, கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள்.

இனி நம் ஜில்லாக்களிலேயே நடந்த ஒரு விருத்தாந்தத்தைச் சொல்லுகிறோம். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்றொருவர் இருந்தார். தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு போன்ற பண்டங்கள் பணக்காரர் வீட்டுப் பாட்டில்களில் மட்டும் அடைபட்டுக் கிடப்பானேன், கூலிக்காரரும் ரிக்ஷா இழுப்பவரும் வாங்கும்படி சிறு சிறு பொட்டலங்களில் வரவேண்டாமா என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்திலிருந்துதான் ஒரு வேளைக்குப் போதுமான சிறு பொட்டலம் பிறந்தது. எண்ணம் மகத்தானது. ஆனால் தகப்பனார் புதுமை காண்பதில் சமர்த்தரேயன்றி, கண்டதை விற்பதில் அவ்வளவு சமர்த்தர் அல்லர் என்று அவருடைய குமாரர் ஸ்ரீ சி. கே. ரங்கநாதனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இந்த ரங்கநாதன் சகோதரர்களிடமிருந்து பிரிந்து, 1983-ல் 15,000 ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கினார். தகப்பனார் பெயரையே சுருக்கிச் சரக்குக்கு 'சிக்' என்று பெயர் வைத்தார். இன்று கவின்கேர் என்ற பெயரில் வழங்குவது அந்தக் கம்பெனிதான்.

பதினைந்தாயிரத்தில் யந்திரமும் வாடகையும் போக விளம்பரத்துக்கு என்ன மிஞ்சியிருக்கும்? அவர் செய்தது வேறு. ஆட்களுடன் கிராமங்களுக்குப் போனார். ஊர் நடுவில் ஒரு பள்ளிப் பையனை உட்கார்த்தி, அவன் தலையில் ஷாம்புவைத் தேய்த்துக் கழுவி, கூட்டத்தைப் பார்த்து, "தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள்" என்றார்கள். ரஜினிகாந்த் படத்தைத் திரையிட்டு நடுவே சரக்கைக் காட்டி, இலவசப் பொட்டலமும் கொடுத்தார்கள். இவற்றையெல்லாம்விட நாம் பெரிதாக மதிப்பது காலி உறைத் திட்டத்தைத்தான். எந்தக் கம்பெனியின் ஷாம்பு உறையாயினும் சரி, காலி உறை ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் பொட்டலம் இனாம் என்றார். இதன் நுட்பத்தைப் பாருங்கள். ஷாம்பு என்றால் என்னவென்றே அறியாதவருக்கு ஒரு காசு செலவாகவில்லை. ஏற்கெனவே பொட்டலம் வாங்கும் வழக்கமுடையவர் கைக்கு மட்டுமே இனாம் போய்ச் சேர்ந்தது. எந்தத் தெருவில் எந்தப் போட்டியாளரின் சரக்கு செல்கிறதென்ற கணக்கும் காலி உறைகளாகவே கடைக்காரரின் மேஜைமேல் வந்து குவிந்திருக்கும். சில காலம் கழித்து, ஜனங்களுக்குச் சரக்குப் பழகிய பின், இனி சிக் உறைக்கு மட்டுமே இனாம் என்று திட்டத்தை மாற்றினார். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லக்ஷத்துக்கு ஏறிற்று என்று அவர் சொல்லுகிறார். சினிமா நடிகையை வைத்து விளம்பரம் செய்ததெல்லாம் இதற்குப் பிற்பாடுதான். 1999-ல் 50 பைசாவுக்குப் பொட்டலம் கொண்டுவந்தபோது பெரிய அந்நியக் கம்பெனிகளும் அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. முதலில் தலை, பிறகு உறை, அதன் பிறகே விளம்பரப் பலகை. வரிசை மாறியிருந்தால் 15,000 ரூபாய் ஒரு மாதத்தில் கரைந்திருக்கும்.

இதைவிடப் பழைய உதாரணம் ஒன்று மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் இன்றும் நிற்கிறது. காசிநாதுனி நாகேசுவர ராவ் பந்துலு 1893-ல் பம்பாயில் அமிருதாஞ்சனத்தைத் தொடங்கினார். பாட்டுக் கச்சேரிகளில் அதை இலவசமாக வழங்கினார் என்பது பிரசித்தம். நெடுநேரம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போர் கூடும் இடமல்லவா அது? கச்சேரியினால் தலைவலி வந்ததா, வந்த தலைவலி கச்சேரியில் தீர்ந்ததா என்ற ஆராய்ச்சியைச் சங்கீத விமரிசகர்களுக்கு விட்டுவிடுகிறோம். ஒருவர் நெற்றியில் தடவினால் பக்கத்து நான்கு பேருக்கு வாசனை தெரியும்; அதைவிட மலிவான விளம்பரம் உண்டோ? பிற்பாடு 1908-ல் அவர் 'ஆந்திர பத்திரிகை'யைத் தொடங்கினார். 1914-ல் அதைச் சென்னைக்குக் கொண்டு வந்து தினசரியாக்கினார். தைலம் சம்பாதித்த பணம் தேசத் தொண்டுக்குப் போயிற்று. இப்போது பத்திரிகைகள் தைல வியாபாரிகளை நம்பிப் பிழைக்கின்றன. அது வேறு கதை.

சுதேசி என்ற சொல்லையே மூலதனமாக நம்பி இறங்கும் புது முதலாளிகள் சிலர் உண்டு. "நம் ஊர்ச் சரக்கு, ஆகையால் வாங்குங்கள்" என்பதே அவர்களுடைய விளம்பரம் முழுவதும். இவர்களுக்குத் தூத்துக்குடியின் சரித்திரத்தை நினைப்பூட்ட விரும்புகிறோம். 1906-ஆம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி ரிஜிஸ்தர் செய்யப்பட்டது. வக்கீலாக இருந்த ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளை அதன் உயிர்நிலை. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். மூலதனம் பத்து லக்ஷம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். பங்கின் தொகையை அவ்வாறு வகுத்ததிலேயே பெரிய வியாபார ஞானம் இருக்கிறது. நூறு தனவந்தர்களிடம் பத்தாயிரம் பத்தாயிரமாக வாங்கியிருந்தால் கப்பலுக்குப் பணம் கிடைத்திருக்கும். சரக்கும் பிரயாணிகளும் கிடைத்திருப்பார்களா? சிறு வர்த்தகரும் பங்குக்காரரானால் அவருடைய மூட்டை வேறு கப்பலில் ஏறாது. பங்கு விற்றதே கப்பலுக்கு வாடிக்கை பிடித்ததும் ஆயிற்று. சிதம்பரம் பிள்ளை இதைத் தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு செய்யவில்லை. வாடகைக்கு அமர்த்திய கப்பல்கள் போட்டிக் கம்பெனியின் நெருக்குதலால் கைவிட்டுப் போனபோது, அவரே பம்பாய்க்குச் சென்று, பங்கு விற்று, சொந்தக் கப்பலுக்கு ஏற்பாடு செய்து திரும்பினார். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

பிறகு நடந்ததையும் மறைக்கலாகாது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கிற்று. எதிரி கட்டணமே வேண்டாம், ஏறினால் ஒரு குடையும் இனாம் என்று கூவினான் என்று சரித்திரம் கூறும். தேசபக்தி முதற் பிரயாணத்துக்கு ஆள் ஏற்றியது. ஆனால் இனாம் குடையின் எதிரே எட்டணாவைக் கொடுத்து மறுபடி மறுபடி ஏற ஏழைப் பிரயாணியை எத்தனை நாளைக்கு எதிர்பார்க்க முடியும்? 1908-ஆம் வருஷம் மார்ச் 12-ந் தேதி சர்க்கார் சிதம்பரம் பிள்ளையைக் கைது செய்தது. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அந்த வீழ்ச்சிக்கு அவரைப் பொறுப்பாக்குவது அநியாயம். அரசாங்கமே எதிரியின் பங்காளியாக நின்ற காலம் அது. எனினும் குடை கொடுத்தவனுக்கும் இன்று கைபேசியில் பாதி விலை, கால் விலை என்று தள்ளுபடி கூவுகிறவனுக்கும் வித்தியாசம் இல்லை. பெரிய பணப்பையுடன் வரும் எதிரியோடு விலையைக் குறைக்கும் சண்டையில் இறங்கினால் சின்னக் கம்பெனி முதலில் சாகும். அவனால் கொடுக்க முடியாத ஒன்று, அதாவது வாடிக்கைக்காரரின் பெயர் தெரிந்த முதலாளி, நம்மிடம் இருக்கிறது. அந்த ஒரே ஆயுதத்தையும் நாமே ஏன் கீழே போட வேண்டும்?

"ஷாம்புவும் தைலமும் தெருவில் விற்கலாம். உலகமெல்லாம் பரவிய வாடிக்கைக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் நிரல் விற்கிறவன் எந்தப் படியில் ஏறுவது?" என்று மாடி அறை வாலிபர்கள் ஆட்சேபிப்பார்கள். நியாயமான ஆட்சேபணை. இதற்கும் சென்னையிலேயே பதில் இருக்கிறது. ஸ்ரீ கிரிஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது அவர் அனுப்பிய டெலிவிஷன் பெட்டி உடைந்து வந்தது. நஷ்டஈட்டுக்காகப் பல மாதங்கள் எழுதியும் பயனில்லை. விஷயத்தை இண்டர்நெட்டில் பலரும் படிக்கும்படி எழுதிய உடனே கம்பெனித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பணமும் வந்து சேர்ந்தது. வாடிக்கைக்காரரின் குறைகளைக் கேட்டுத் தீர்க்கும் ஏற்பாட்டில் பெரியதொரு தொழில் இருக்கிறதென்று அவருக்குப் பட்டது. 2010-ல் அத்தகைய ஏற்பாட்டை விற்றுவந்த ஸென்டெஸ்க் என்னும் கம்பெனி கட்டணத்தை உயர்த்திற்று. அதன் வாடிக்கைக்காரர்கள் பகிரங்கமாகக் கொதித்தெழுந்தார்கள். அக்கொதிப்பைப் படித்துத்தான் கிரிஷ் தமது வேலையை விட்டு, ஷண் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார்.

கவனியுங்கள். அவர் சரக்கைச் செய்துவிட்டு வாடிக்கைக்காரரைத் தேடவில்லை. மனம் புண்பட்ட வாடிக்கைக்காரர்கள் எங்கே கூடியிருக்கிறார்கள் என்று முதலில் பார்த்து, அவர்கள் சொன்ன குறைகளுக்குத் தக்கபடி சரக்கைச் செய்தார். முதல் வாடிக்கை ஆஸ்திரேலியாவிலுள்ள அட்வெல் கல்லூரியிலிருந்து 2011-ல் வந்தது. படியேறுவதென்றால் கால்களால்தான் ஏறவேண்டுமென்பதில்லை. அதே வருஷக் கடைசியில் ஸென்டெஸ்கின் தலைவர் இவர்களைக் காப்பியடித்த கும்பல் என்ற பொருள்பட ஏளனமாகப் பேசினார். நம் வக்கீல் சகோதரர்கள் யாரிடமாவது போயிருந்தால் உடனே அவதூறு நோட்டீஸ் தயாராகியிருக்கும்! இவர்கள் அப்படிச் செய்யவில்லை. 'இது திருட்டா, அல்லவா? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்' என்ற பாவனையில் தனியே ஓர் இணையப் பக்கம் திறந்து, இரு பக்கத்து வாதங்களையும் அதில் வைத்துவிட்டார்கள். கோலியாத் தாமே வலிய வந்து தாவீதின் பெயரை ஊரறியச் செய்தான். அதற்கு எந்த ஏலக்காரருக்கும் காசு கட்டவேண்டியிருக்கவில்லை. 2021-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இக்கம்பெனியின் பங்குகள் ஏறின. இதன் தலைமைக் காரியாலயம் இப்போது கலிபோர்னியாவில் இருப்பது நமக்கு உவப்பானதல்ல. ஆயினும் சென்னையில் ஒரு சிறு அறையில் கற்ற பாடம் சென்னைக்கே சொந்தம்.

எதிர் உதாரணம் ஒன்றும் சொல்லிவிடுகிறோம். கேரளத்து ஸ்ரீ பைஜு ரவீந்திரன் ஆரம்பத்தில் வகுப்பறைகளிலும் அரங்குகளிலும் தாமே நின்று பாடம் சொன்னார். கேட்ட மாணாக்கர்களின் வாய்மொழியே கூட்டத்தைப் பெருக்கிற்று. அது உத்தமமான வழி. அவருடைய கம்பெனி பெரிய மூலதனம் சேர்ந்த பிறகு 2019-ல் இந்தியக் கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் ஏறிற்று. 2022-ல் கத்தாரில் நடந்த உலகக் கால்பந்துப் போட்டியிலும் அதன் பெயர் மின்னிற்று. சட்டையில் பெயர் போட்டதற்கு உரிய பாக்கி சுமார் 158 கோடி ரூபாய் வரவில்லையென்று கிரிக்கெட் போர்டார் தொடுத்த மனுவின்பேரில், 2024-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி பெங்களூர் கம்பெனி டிரிபியூனல் அதைத் திவால் நடவடிக்கைக்கு எடுத்துக்கொண்டது. அதன் கஷ்டங்களுக்கு வேறு காரணங்களும் உண்டு. அதன்பின் நடந்த அப்பீல்களை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. விளம்பரப் பாக்கியே ஒரு கம்பெனியைக் கோர்ட்டு வாசலுக்கு இழுத்து வந்தது என்பது மட்டும் நம் வாலிபர்கள் மனத்தில் பதிந்தால் போதும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்ஃப்ளுயன்ஸா வராது, வந்தால் நூறு பவுன் தருகிறோம் என்று 1891-ல் லண்டனில் விளம்பரம் செய்த கார்பாலிக் புகையுருண்டைக் கம்பெனியைக் கார்லில் என்ற அம்மாள் கோர்ட்டுக்கு இழுத்துப் பணத்தை வாங்கிய வழக்கு, சட்டக் கல்லூரியில் முதல் வருஷம் படித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். விளம்பரத்தில் சொன்ன சொல்லும் சொல்லே. நம் நாட்டில் 2019-ஆம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஜனங்களை ஏமாற்றும் விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லக்ஷம் ரூபாய் வரையிலும், மறுமுறை ஐம்பது லக்ஷம் வரையிலும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அந்த விளம்பரத்தில் முகம் காட்டிய பிரபலஸ்தரும் தப்ப முடியாது. 'சர்க்கரை வியாதி போய்விடும்' என்று தினை மாவுப் பொட்டலத்தில் அச்சிடும் நண்பர்கள் கொஞ்சம் நிதானிக்கட்டும்.

வாலிபர்களை மட்டும் கடிந்து என்ன பயன்? அவர்களுக்குப் பணம் கொடுப்போரும் இம்மோகத்தை வளர்க்கிறார்கள். தமிழக சர்க்காரின் 'ஸ்டார்ட் அப் டி.என்.' ஸ்தாபனம் புதுக் கம்பெனிகளுக்கு விதை நிதி அளித்து வருகிறது. பாங்கிகளும் கடன் தருகின்றன. இவ்விடங்களில் விண்ணப்பிப்போர் சரக்கு இன்னது, சந்தை இவ்வளவு பெரியது, மூன்று வருஷத்தில் விற்பனை இவ்வளவு என்று அழகிய படங்கள் வரைந்து கொண்டு போகிறார்கள். சந்தை எவ்வளவு பெரியதென்று எவரும் எழுதிவிடலாம். அதிகாரிகள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. விண்ணப்பம் கொடுக்கும் முதலாளி தாமே நேரில் பேசிய வாடிக்கைக்காரர் எத்தனை பேர்? அவர்களில் காசு கொடுத்து வாங்கியவர் எத்தனை பேர்? இரண்டாம் முறை வாங்கியவர் எத்தனை பேர்? வாங்க மறுத்தவர் சொன்ன காரணங்கள் எவை? இந்நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுத விண்ணப்பத்தின் முதற் பக்கத்திலேயே இடம் விடட்டும். மறுத்தவர் சொன்ன காரணத்தை உள்ளபடி எழுதியவருக்கு முன்னுரிமை தரட்டும். விதை நிதியில் இத்தனை பங்குக்குமேல் கைபேசி விளம்பரத்துக்குச் செலவிடலாகாதென்று முதல் வருஷத்துக்கு ஒரு வரம்பும் கட்டட்டும். சிறுசேரியிலும் தரமணியிலும் கோடிக்கணக்கில் கட்டடங்கள் எழுப்பும் சர்க்காருக்கு, ஒரு படிவத்தில் நான்கு வரி கூட்டுவது பெரிய காரியமாகாது. அடுத்த தவணை விண்ணப்பங்கள் கேட்கப்படுமுன் அதிகாரிகள் இதைச் செய்வார்களா?